காட்டுக்குள் ஒரு செங்கல் அறை, சுவரில் இரண்டு ஓட்டை: இது பழைய டாக்கீஸ் இருந்த இடமா?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம், எழுமலை போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பத்தா வழியில் வந்த ஒன்றே கால் ஏக்கர் நிலம் ஊருக்கு வெளியே கிடக்கிறது. பல வருடமாகத் தரிசு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. போன மாதம் ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்தபோது நடுக்காட்டில் ஒரு செங்கல் அறை வெளியே தெரிந்தது. முள்ளுக்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

பத்தடிக்கு எட்டடி இருக்கும். மேலே சிமெண்டுத் தளம். சன்னல் கிடையாது. மேற்குச் சுவரில் மட்டும் இரண்டு சதுர ஓட்டை. தெற்கே இருப்பது என் நெஞ்சு உயரம், அதற்கு வடக்கே ஒன்றரை அடி தள்ளி இருப்பது கண் உயரம். இரண்டு ஓட்டைக்கும் பக்கவாட்டில் இரும்புப் பட்டை பதித்திருக்கிறது, ஏதோ ஒன்று மேலும் கீழும் ஓடுவதற்கு வைத்தது மாதிரி. வாசல் கிழக்கே. தளத்தில் ஒரு வட்ட ஓட்டை, அதைச் சுற்றி ஒரே கரி. தரையில் சிமெண்டுத் திண்டு, அதில் துருப்பிடித்த நான்கு போல்ட்டு. மண்ணைக் கிளறியபோது விரல் நீளத்தில் கறுப்புக் குச்சிகள் ஏழெட்டு கிடைத்தன. பென்சில் மாதிரி, மேலே செம்புத் தகடு சுற்றியது போலப் பளபளப்பு.

சித்தப்பா இதை மோட்டார் ரூம் என்கிறார். ஆனால் பக்கத்தில் கிணறும் இல்லை, கிணறு இருந்த தடமும் இல்லை. ஊரில் வயதான ஒரு அம்மா மட்டும், "அது கொட்டாய் இருந்த இடம்ப்பா, நாங்க தரையில உக்காந்து படம் பாத்தோம்" என்றார். என்ன பெயர், எந்த வருடம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமா அறையை இடித்துத் தள்ளிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. இது டாக்கீஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? பெயரையும் வருடத்தையும் எங்கே தேடுவது?

—

ஆபரேட்டர் மகன் எழுதியது:

தம்பி, முதலில் மாமாவின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எனக்கு எங்கள் அப்பாவின் அறைதான். அவர் சேடப்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நான் போகிற இடம் அந்த அறைதான். வீட்டில் விளக்கு இல்லை, அங்கே இருந்தது.

அந்தக் கறுப்புக் குச்சிதான் பெரிய சாட்சி. அது கார்பன். பழைய புரொஜக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சியை முனைக்கு முனை நெருக்கி வைத்து, டி.சி. கரண்டு விட்டால் நடுவில் பொறி பிடித்து வெள்ளை வெளேர் என்று எரியும். பின்னால் இருக்கிற குழிக்கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் திரட்டி பிலிம் மேல் அனுப்பும். எரிய எரியக் குச்சி தேயும். தேயத் தேயத் திருகைத் திருப்பி இரண்டையும் நெருக்கிக்கொண்டே வரவேண்டும். அசந்தால் இடைவெளி கூடி, திரையில் படம் மங்கிவிடும். தரையிலிருந்து விசில் பறக்கும். அப்பா கண்ணில் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தப் பொறியையே பார்த்துக்கொண்டிருப்பார். குச்சி மேல் பளபளப்பது தாமிரப் பூச்சு, கரண்டு நன்றாக ஓடுவதற்காக. எரிந்து முடிந்து மிஞ்சின துண்டுதான் உங்கள் கையில் இருப்பது. நாங்கள் அதை வைத்துத்தான் சிலேட்டிலும் சுவரிலும் எழுதுவோம். தளத்தில் கரி பிடித்த ஓட்டை, விளக்குக் கூண்டின் புகை வெளியேறும் குழாய் போன வழி.

இரண்டு ஓட்டைக்கு வருகிறேன். நெஞ்சு உயரத்தில் இருப்பது வெளிச்சம் போகிற வழி. கண் உயரத்தில் இருப்பது ஆபரேட்டர் படத்தைப் பார்க்கிற வழி. திரையைப் பார்த்து நின்றால் ஆபரேட்டர் மிஷினுக்கு வலப்பக்கம்தான் நிற்பார், பிலிம் மாட்டுகிற பக்கம் அதுதான். உங்கள் அறையில் மேற்கே பார்த்து நின்றால் வலது கை வடக்கே வரும். உயர்ந்த ஓட்டை வடக்கே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரியாகப் பொருந்துகிறது. ஒரே ஜோடி ஓட்டை என்பதால் ஒரே மிஷின். நகரத்துத் தியேட்டரில் இரண்டு மிஷின் இருக்கும், ஒன்றில் ரீல் முடியும்போது மற்றதை ஓட்டி விடுவார்கள், பார்க்கிறவனுக்குத் தெரியாது. திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும், ஆபரேட்டருக்கு அதுதான் சைகை. டூரிங் கொட்டகையில் அந்த வசதி இல்லை. அப்பா ஆயிரம் அடி ரீல் நாலை ஒட்டி ஒரு ஸ்பூலில் ஏற்றுவார். நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும், நாலாயிரம் அடி என்றால் முக்கால் மணி நேரம். பதினாறு ரீல் படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்குக்காரருக்கும் சோடாக் கடைக்கும் அதுதான் பிழைப்பு.

இப்போது முக்கியமான விஷயம். கொட்டகை முழுக்க மூங்கிலும் கீற்றும். தரை மணல். அதற்குள் இந்த ஒரு அறையை மட்டும் ஏன் செங்கல்லில் கட்டினார்கள்? பணம் இருந்தால் கூரைக்கல்லவா போட்டிருப்பார்கள்? காரணம் தீ. 1950களின் தொடக்கம் வரை பிலிம் என்பது நைட்ரேட். பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 1897ல் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும் மிஷினின் ஈதர் விளக்கிலிருந்து தீப்பிடித்து 126 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் பயம். இங்கிலாந்தில் 1909ல் சட்டம் போட்டார்கள், மிஷின் தீப்பிடிக்காத அறைக்குள் இருக்கவேண்டும் என்று. அந்த வழியில் 1918ல் இந்தியாவுக்கும் சினிமாச் சட்டம் வந்தது. நம் மாநிலத்துக்கு 1955ல் தனிச் சட்டம், 1957ல் விதிகள். ஓட்டையின் பக்கத்தில் இரும்புப் பட்டை இருக்கிறதே, அதில் ஒரு இரும்புத் தகடு தொங்கும், கயிற்றில் கட்டி. உள்ளே தீ என்றால் கயிற்றை விட்டால் போதும், தகடு விழுந்து ஓட்டையை அடைத்துவிடும். தீ கூட்டத்துக்குப் போகாது. உள்ளே இருக்கிற ஆபரேட்டர் பின்வாசல் வழியாக ஓடவேண்டியதுதான். அந்த வாசல் கொட்டகைக்குள் திறக்காமல் வெளியே திறப்பதும் இதற்காகத்தான்.

பிற்பாடு நைட்ரேட் போய் அவ்வளவு சீக்கிரம் பற்றாத பிலிம் வந்துவிட்டது. விதி போகவில்லை, அறையும் போகவில்லை. கீற்றை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள், மூங்கில் மக்கும், மணலைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். கொட்டகை மூடினால் மிஞ்சுவது ஆபரேட்டர் ரூம் ஒன்றுதான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் மிஞ்சியது. பிறகு ஒருவர் அதில் உரமூட்டை அடுக்கினார், கடைசியில் ரோட்டை அகலப்படுத்தும்போது இடித்துவிட்டார்கள். நான் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தேன். தகவல் தெரிந்து வருவதற்குள் சல்லி கொட்டிவிட்டார்கள். ஒரு செங்கல்கூட எடுத்துவைக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று செய்து பாருங்கள். ஓட்டைக்கு நேர் மேற்கே எண்பது, தொண்ணூறு அடி நடந்து, அங்கே மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். திரைக்குக் கல்தூண் நட்டிருந்தால் அடிக்கட்டை கிடைக்கும். திரை மேற்கே கிழக்குப் பார்த்து இருந்தது என்பதையும் கவனியுங்கள். கொட்டகை பக்கவாட்டில் திறந்தது. திரை கிழக்கே இருந்தால் சூரியன் விழும் வெளிச்சம் நேரே திரையில் அடிக்கும், முதல் ஆட்டம் தொடங்க முடியாது. கட்டினவர் விவரம் தெரிந்தவர்.

பெயர் வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸ். சினிமா உரிமம் சி படிவத்தில் கலெக்டர் கொடுப்பது. உங்கள் நிலத்தின் சர்வே நம்பரைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமையில் கேளுங்கள், பழைய கட்டு இருந்தால் கிடைக்கும். அப்பத்தா பெயருக்கு முன்னால் நிலம் யாரிடம் இருந்தது, யாருக்கு வாடகைக்கு விட்டார்கள் என்று பழைய பத்திரத்தைப் பாருங்கள், அதில் "கொட்டகை" என்ற சொல்லே இருக்கலாம்.

—

வடக்குமாசி எழுதியது:

மேலே எழுதியவருக்கு என் வணக்கம். எனக்கு 78 வயது. மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். கிராமத்துக் கொட்டகையை நான் அதிகம் அறியேன். ஆனால் அந்தத் தம்பி வரலாறு கேட்டதால் டவுன் பக்கத்துக் கதையையும் சேர்த்து வைக்கிறேன், ஏனென்றால் அந்தக் கொட்டகை எங்கிருந்தோ முளைத்ததல்ல.

சினிமாவுக்கு முன்னால் இங்கே நாடகம். மதுரை நாடகத்துக்குத் தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அந்தச் சபையில். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தான் எம்.ஜி.ஆர். சின்னப் பையனாக வேஷம் கட்டினார். இந்தக் கம்பெனிகள் சாமான்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். போகிற ஊரில் கீற்றுக் கொட்டகை போடுவார்கள். தரை, பெஞ்சு, நாற்காலி என்ற டிக்கெட் பிரிவினையும், பெண்களுக்குத் தனிப்பக்கமும், மாட்டுவண்டியில் தட்டி கட்டித் தமுக்கடித்து நோட்டீஸ் போடுவதும் எல்லாம் நாடகக்காரர் நடத்திப் பழகியவை. சினிமாக்காரர் அதே கொட்டகையில் மேடையை எடுத்துவிட்டுத் திரையைக் கட்டினார். அந்தப் பக்கம் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் மிஷினை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரத்தில் படம் காட்டப் போனார். பிறகு 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். நம் பக்கத்து டூரிங் எல்லாம் அந்த வழியில் வந்த பிள்ளைகள்தான்.

டவுனுக்குள் கல்கட்டடம் எழும்பியதற்கு நான் கேட்டு வளர்ந்த கதை சிந்தாமணி. 1937ல் தியாகராஜ பாகவதர் நடித்து வந்த சிந்தாமணி படம் மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்தது. அந்த ஓட்டம் ஓடி, வந்த பணத்தில் மதுரையில் ஒரு தியேட்டர் கட்டி அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். ஒரு படம் ஒரு கட்டடமாகவே நின்றது. என் அப்பா அந்த வாசலில் கூட்டத்தில் சட்டை கிழிந்து வந்ததை அம்மா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்தது. 2,563 இருக்கை. ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே மார்தட்டும். பால்கனியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் திரையில் இருப்பவர்கள் சின்னதாகத் தெரிவார்கள், இருந்தாலும் அந்த இருட்டில் ஒரே நேரத்தில் அத்தனை பேர் சிரிப்பதைக் கேட்டவன் மறக்கமாட்டான். ஸ்டேஷனுக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு ஹாலில் ரீகல். பகலில் அங்கே வாசகசாலை, சாயங்காலம் ஆனால் இங்கிலீஷ் படம். பேப்பர் படித்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கௌபாய் படம் பார்த்திருக்கிறேன்.

தங்கமும் இல்லை, சிந்தாமணியும் இல்லை. இரண்டும் நின்ற இடத்தில் இன்று ஜவுளிக் கடைகள். அத்தனை பெரிய சுவர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தம்பி, உங்கள் காட்டுக்குள் பத்தடிக்கு எட்டடி மிஞ்சியிருக்கிறது என்றால் அது சின்ன விஷயமா?

தேடுவதற்கு ஒரு யோசனை. தினத்தந்தி 1942ல் மதுரையில்தான் தொடங்கியது. பழைய இதழ்களில் படம் எந்தெந்த ஊரில் ஓடுகிறது என்று விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களும் நாடக நோட்டீஸ்களும் இருக்கின்றன. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்தது அது. கேட்டால் உதவுவார்கள்.

—

ஒஹாயோ மீனா எழுதியது:

எனக்குப் பிறந்த ஊர் செல்லூர். இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். வந்த புதிதில் இங்கே கடைத்தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் நெற்றியில் "ஆப்பரா ஹவுஸ்" என்று கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்து, இவ்வளவு சின்ன ஊரில் ஆப்பரா பாடினார்களா என்று ஆச்சரியப்பட்டேன். பாடவே இல்லையாம். அந்தக் காலத்தில் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களுக்கு "தியேட்டர்" என்றால் கெட்ட பெயர். அதனால் ஆப்பரா ஹவுஸ் என்று மரியாதையாகப் பெயர் வைத்து, கூத்து, பாட்டுக் கச்சேரி, சொற்பொழிவு, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் அதில் நடத்தினார்கள். கீழே கடைகள், மேல்மாடியில் மேடை. ரயில் வந்த பிறகுதான் இவை பெருகின. நாடகக் கம்பெனிகள் ரயிலில் வந்து இறங்கும், இரண்டு நாள் ஆடிவிட்டு அடுத்த ஊர் போகும். பெரியவர் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. எங்கேயோ இருக்கிற இரண்டு ஊர், இரண்டிலும் ரயில்தான் நாடகத்தைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது.

1905ல் பிட்ஸ்பர்க்கில் ஐந்து சென்டு சினிமா தொடங்கியது. சில வருடங்களுக்குள் இந்த மாடி மேடைகளிலும் திரை ஏறிவிட்டது. 1903ல் சிகாகோவில் ஒரு நாடகத் தியேட்டரில் தீப்பிடித்து 602 பேர் இறந்திருந்தார்கள், உள்பக்கம் திறக்கும் கதவுகளை நெரிசலில் திறக்க முடியவில்லை. அதன் பிறகு மாடி அரங்கு என்றாலே அதிகாரிகளுக்குப் பயம். பல மூடிப்போயின. ஆனால் எல்லாவற்றையும் இடித்துவிடவில்லை. நெப்ராஸ்காவில் ரெட் கிளவுட் என்ற சிற்றூரில் 1885ல் இரும்புக் கடைக்கு மேல் கட்டின ஆப்பரா ஹவுஸை 2003ல் புதுப்பித்துத் திறந்தார்கள். மாடி அரங்குகளைப் பாதுகாக்கிறவர்கள் மேடைக்குப் பின்சுவரில் நடிகர்கள் கிறுக்கிவிட்டுப் போன பெயர்களுக்கும் தேதிகளுக்கும் மேல் பெயிண்ட் அடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஆவணம் இல்லாத ஊருக்கு அந்தச் சுவர்தான் ஆவணம்.

அதனால் கேட்கிறேன், உங்கள் அறையின் உட்சுவரில் ஏதாவது எழுதியிருக்கிறதா? சுண்ணாம்பு அடித்திருந்தால் அவசரப்பட்டுச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி வேண்டாம். காய்ந்த தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

—

வரப்போரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். மழை பெய்து உள்ளே போக முடியவில்லை.

அண்ணே, கல் கிடைத்துவிட்டது. ஓட்டைக்கு நேர் மேற்கே எண்பத்தாறு அடியில் ஒரு கருங்கல் தூணின் அடிக்கட்டை, அதற்குப் பதினெட்டடி வடக்கே இன்னொன்று. நான் டேப் பிடித்து அளக்கும்போது சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது கல்லைக் கண்டதும் இறங்கி வந்து மண்ணை அவரே கையால் தள்ளினார்.

மீனா அக்கா சொன்ன மாதிரி உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். தெற்குச் சுவரில் எழுத்து இருக்கிறது! கறுப்பாக, அந்தக் கார்பன் குச்சியாலேயே எழுதியது போல. படம் எடுத்தேன், சரியாக விழவில்லை. தெரிகிறவரை எழுதுகிறேன்:

த 214 பெ 38 சே 6

த 190 பெ 41 சே 2

த 322 பெ 60 சே 11 (இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது)

இப்படி இருபது வரிக்கு மேல். ஒரு ஓரத்தில் "பெட்டி வரவில்லை" என்று தனியாக ஒரு வரி. இன்னொரு இடத்தில் "மழை. ஆட்டம் ரத்து". தேதி எதுவும் இல்லை. த, பெ, சே என்றால் என்ன? பெ என்றால் பெண்களா?

—

ஆபரேட்டர் மகன் எழுதியது:

தம்பி, இதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். குரல் அடைத்துவிட்டது.

த என்றால் தரை. பெ என்றால் பெஞ்சு. சே என்றால் சேர். தரை டிக்கெட்தான் எப்போதும் அதிகம். மணலைக் குவித்து மேடு கட்டி, முன்னால் இருக்கிறவர் தலை மறைக்காமல் உட்காருவார்கள். பெஞ்சு, வாத்தியார், கடைக்காரர் போன்றவர்களுக்கு. சேர் இரண்டு வரிசை இருக்கும், பெரிய வீட்டுக்காரர், போலீஸ், ஊர் டாக்டர். ஆறு சேர் விற்றது என்றால் சாதாரண நாள். பதினொன்று விற்றால் விசேஷம்.

ஆபரேட்டருக்கு எதற்கு டிக்கெட் கணக்கு? எங்கள் அப்பாவும் எழுதுவார். வசூல் ஒரு அளவுக்கு மேல் போனால் வேலை பார்க்கிறவர்களுக்கு அன்றைக்குப் பேட்டா உண்டு. மதுரை விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து படப்பெட்டியோடு ஒரு பிரதிநிதி வருவார், அவர் டிக்கெட் கட்டையை எண்ணிக் கணக்கு எழுதுவார். கவுண்டரில் சொல்கிற எண்ணிக்கையை அப்பா தன் சுவரில் குறித்துக்கொள்வார், மாசக் கடைசியில் பேட்டாவைக் கேட்பதற்கு. முதலாளி மறந்தாலும் சுவர் மறக்காது என்பார். இரண்டு கோடு போட்டிருக்கிறதே, அது பேட்டா வந்த நாள். அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் அப்படிக் குறித்தும் காசு வரவில்லை. கொட்டகையே நொடித்துப்போன காலம். வீட்டுக்கு வீடு டிவி வந்து, தீபாவளிக்குத் தெருவில் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டார்கள். தரையில் முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா முப்பது பேருக்கும் அதே கவனத்தோடுதான் கார்பனைத் திருகினார். 1993ல் சன் டிவி வந்தபோது எங்கள் கொட்டகையில் ஏற்கெனவே ஆடு கட்டியிருந்தார்கள்.

"பெட்டி வரவில்லை" என்பதை விளக்க வேண்டும். ஒரே பிரிண்டு பல ஊருக்குச் சுற்றும். முந்தின ஊரில் நேற்று இரவு ஆட்டம் முடிந்து, காலையில் பஸ் கூரையில் ஏறி, மதியத்துக்குள் வந்து சேரவேண்டும். பஸ் நின்றுபோனால் தீர்ந்தது. மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கிக் குழாயில் பிள்ளையார் பாட்டுப் போட்டாகிவிட்டது, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சனம் வரப்பு வழியாக வந்துகொண்டிருக்கும், பெட்டி இல்லை. அப்பா ரோட்டில் போய் நிற்பார், நானும் கூட நிற்பேன். தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தால், கூரையில் பெட்டி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் அப்பா ஓடுவார். வந்த பிரிண்டு நாற்பது ஊர் ஓடித் தேய்ந்தது. பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்டு தடவி, விரலால் அழுத்தி ஒட்டி ஒட்டி மாட்டுவார். அவர் விரல் நுனியில் அந்த வாசனை சாகும்வரை இருந்தது.

தேதி இல்லை என்றாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. சுவரில் படப்பெயர் ஒன்று எழுதியிருந்தால்கூடப் போதும், அந்தப் படம் வெளிவந்ததற்கு இரண்டு மூன்று வருடம் பின்னால் வைக்கலாம், டூரிங்குக்குப் படம் தாமதித்துத்தான் வரும். பிறகு கூரையைப் பற்றி வயதானவர்களைக் கேளுங்கள், கீற்றா தகரமா என்று. 1979ல் தூத்துக்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து ஏராளமான பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தி வந்த ராத்திரி அப்பா ஆட்டம் ஓட்டவில்லை, ஓட்ட முடியவில்லை. அதற்குப் பின் எங்கள் கொட்டகையில் கீற்றைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். உங்கள் ஊரில் கடைசிவரை கீற்று என்று சொன்னால், அநேகமாக அதற்கு முன்பே மூடியிருப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். சுவரில் வரிகளின் மேல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. அந்த உயரத்திலிருந்து எழுதினவர் எவ்வளவு உயரம் என்று தெரியும்.

—

வரப்போரம் எழுதியது:

அண்ணே, நோட்டில் முழுவதும் எழுதிவிட்டேன், இருபத்தேழு வரி. எல்லாம் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழேதான். உட்கார்ந்தபடியோ, அல்லது குட்டையானவரோ எழுதியிருக்க வேண்டும்.

கொட்டாய் இருந்தது என்று சொன்ன அந்த அம்மாவை நேற்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். கூரை கீற்றுதானாம், கடைசிவரை. சுவர் எழுத்தை நான் வாசித்துக் காட்டினேன். "ஆபரேட்டர் கட்டையா இருப்பாரு, ஸ்டூல் போட்டுத்தான் ஓட்டை வழியாப் பாப்பாரு" என்றார். பெயர் ஞாபகமில்லை, பேரையூர்க்காரர் என்று மட்டும் தெரிகிறதாம். பிறகு அவரே நடந்து போய், இரண்டு கல்லுக்கும் ஓட்டைக்கும் நடுவே கொஞ்சம் தெற்கே தள்ளி ஓர் இடத்தில் உட்கார்ந்தார். பொம்பளைகள் பக்கம் இதுதான், நடுவில் இடுப்பு உயரத்துக்கு மண்சுவர் இருந்தது என்று கையால் காட்டினார். காட்டிய இடத்தில் மண் லேசாக மேடாக இருக்கிறது.

கலெக்டர் ஆபீஸுக்கு மனு போட்டாகிவிட்டது, சர்வே நம்பரோடு. மாமா தென்னையை வடக்கு ஓரத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தளத்தில் அந்தப் புகை ஓட்டை வழியாக மழை இறங்குகிறது. அதை எதால் மூடினால் சுவருக்கு ஈரம் பாயாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.